ராயகிரி மண்ணும் குற்றாலத்துத் தண்ணீரும்

கல்யாணமாகி வந்த மறு வருஷம் நான் தென்காசியில் மண் வேக வைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சட்டி பானை சுட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதில்லை. களிமண்ணைத் திராவகத்தில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, கழுவி, உலர்த்தி, பொடியாக்குவது. அந்தப் பொடியைச் சூடான கடலை எண்ணெயில் ஒரு கரண்டி போட்டுக் கிண்டி வடிகட்டினால், சிவந்து கிடந்த எண்ணெய் வெளிறிப்போய் இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கண்கட்டு வித்தை என்பார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள் அப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன், அவ்வளவுதான்.

உலகச் சண்டைக்கு முன்னால் இந்தப் பொடி கப்பலில் டின் டின்னாக வந்துகொண்டிருந்தது. சண்டை வந்ததும் கப்பலும் நின்றது, டின்னும் நின்றது. என் புகுந்த வீட்டுக்கு எண்ணெய் மில் இருந்தது. எங்களிடம் எண்ணெய் வாங்கும் தூத்துக்குடித் தொழிற்சாலை ஒன்று, பொடி இல்லாமல் எண்ணெயை வெளுக்க வழியின்றித் திண்டாடுகிறது என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிடும்போது ஊர்ச்செய்தி போலச் சொன்னார். அதை நாமே செய்யலாமே என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு ரசத்தைக் குடித்திருக்கலாமே என்று தோன்றியது. ஆனால் சொன்னதைத் திரும்ப விழுங்குகிற சுபாவம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மண் தேடி அலைந்தது அவர்தான். கடலை வாங்கப் போகிற ஊரிலிருந்தெல்லாம் துண்டில் மண்ணை முடிந்துகொண்டு வருவார். சிவகிரிக் குளத்து மண் வந்தது, சுந்தரபாண்டியபுரத்துச் செம்மண் வந்தது. எதுவும் உருப்படவில்லை. கடைசியில் ராயகிரிப் பக்கம் யாரோ கிணறு வெட்டும்போது கரிசலுக்கு அடியில் கிடைத்த மண் வந்தது. வெளிறின நிறம், விரலில் எடுத்தால் வெண்ணெய்போல வழுக்கியது. அந்த ஊர்ப் பெண்கள் தலையில் எண்ணெய்ப் பிசுக்குப் போக அதைத்தான் தேய்த்துக் குளிக்கிறார்கள் என்று அவர் சொன்னார். இந்தத் தகவலை நான் கொஞ்சம் மனதில் வைத்திருந்தால் பின்னால் அவ்வளவு கண்ணீர் விட்டிருக்க வேண்டாம்.

நடக்கிற காரியம் இதுதான். மண்ணுக்குள் இருக்கும் சுண்ணாம்பையும் இரும்பையும் அலுமினியத்தில் ஒரு பங்கையும் திராவகம் கரைத்துக்கொண்டு போய்விடும். அவை இருந்த இடமெல்லாம் பொந்தாகிவிடும். கண்ணுக்கே தெரியாத பொந்துகள், எண்ணி முடியாது. அத்தனை பொந்துகளின் உட்புறத்தையும் விரித்துப் போட முடிந்தால் ஒரு கைப்பிடிப் பொடி ஒரு வயலையே மூடும் என்று பின்னாளில் ஒரு சஞ்சிகையில் படித்தேன். படித்துவிட்டு அடுப்படியில் உப்பு வைக்கிற மரவையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எண்ணெயில் உள்ள நிறமெல்லாம் போய் ஒட்டிக்கொள்வது அந்த வயலில்தான்.

கொதிக்க வைப்பதைவிடக் கழுவுவதுதான் பெரிய பாடு. திராவகம் துளியும் மிச்சமில்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். தென்காசிக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால், சிரமப்பட்டு வெளியேற்றின சுண்ணாம்பு மறுபடி உள்ளே வந்து குந்திக்கொள்ளும். குற்றாலத்துத் தண்ணீர்தான் தோது. அதில் துவரம்பருப்பு போட்டால் பூவாக வெந்துவிடும். அதனால் குற்றாலம் போகிற சாலையில், அருவித் தண்ணீர் வருகிற வாய்க்கால் கரையில் எங்களுக்கு இருந்த பழைய பிண்ணாக்குக் கொட்டகையைக் கேட்டு வாங்கினோம். ஈயத்தகடு அடித்த மரத்தொட்டி ஒன்று நீராவி விட்டுக் கொதிக்க வைக்க, சிமெண்டுத் தொட்டிகள் நான்கு கழுவ, அடியில் நெருப்பு போட்டு ரவை வறுக்கிற மாதிரி மண்ணை வறுக்க இரும்புத் தகடுகள். கழிவுத் தண்ணீரைச் சுண்ணாம்புக் குழியில் விட்டு முறித்த பிறகுதான் வெளியே விடுவோம். ரயிலில் செங்கோட்டை வழியாகத் திராவக ஜாடிகள் வந்து இறங்கும். வேலைக்கு ஆறு பெண்கள். ஒரு முறை வேகிற மண்ணுக்கு ஒரு ஈடு என்று அவர்களே பெயர் வைத்தார்கள், இட்லிக்குச் சொல்கிற மாதிரி. எனக்கு அது பிடித்துப்போய் நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

கொட்டகையைக் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன். பெரியத்தான் என்று கூப்பிடுவேன். வீட்டுக்கும் மில்லுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். நல்ல ஆகிருதி, பெரிய குரல், சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவர் கொட்டகையைக் கொடுத்த அதே வாரத்தில் இன்னொன்றையும் கொடுத்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு வாத்தியாரம்மா வேலைக்கான கடிதம். யாரையோ பிடித்து வாங்கியிருக்கிறார். ஆவணி முதல் தேதி சேர வேண்டும், பள்ளிக்கூட விடுதியிலேயே தங்க வேண்டும். ஆடி முடிவதற்குள் தூத்துக்குடிக்காரர்கள் நம் பொடியை ஏற்றுக்கொண்டால் கொட்டகை எனக்கு. இல்லையென்றால் கொட்டகை பிண்ணாக்குக்கு, நான் பாளையங்கோட்டைக்கு.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் தம்பியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "படிச்ச புள்ள கையப் பாத்தியாலே, திராவகம் பட்டுப் பட்டு ஓட்ட ஓட்டயாக் கெடக்கு. டீச்சர் வேலைன்னா நாலு பேரு எந்திரிச்சு நிப்பான். மண்ணு வேலையில என்னலே மரியாதை இருக்கு?"

எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்கும், ஒன்றிரண்டாக வந்தால். நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் மூக்கை உறிஞ்சினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதோடு என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு விடுதியில் போய்ப் படுக்க எனக்கு மனமில்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்குத் தலைகால் புரியாமல் திரிந்திருப்பார்.

வைகாசிக் கடைசியில் எங்கள் முதல் நல்ல ஈடு இறங்கியது. கொட்டகை மூலையில் ஸ்டவ் வைத்து எண்ணெயைச் சூடாக்கி, பொடி போட்டு, வடிதாளில் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்கின எண்ணெயைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மிச்சமிருந்த ஒரே ஒரு சீமை டின் பொடியில் வெளுத்த எண்ணெய்க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் கத்தின கத்தலில் ரோட்டில் போன வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார். அந்த ஆறு பெண்களும் என்னைப் பிடித்துச் சுற்றினார்கள். தூத்துக்குடிக்கு மாதிரி அனுப்பினோம். அங்கிருந்து பதில் வந்தது. மாதிரி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு ஈடு நன்றாக வருவது பெரிதல்ல, எல்லா ஈடும் ஒரே மாதிரி வர வேண்டும், ஆடி கடைசி வாரத்தில் எங்கள் கெமிஸ்ட் நேரில் வந்து எந்த மூட்டையை வேண்டுமானாலும் பிரித்துப் பார்ப்பார் என்று. பார்க்கட்டுமே என்று நான் மிதப்பாக இருந்தேன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. அதோடு என் மிதப்பும் விழுந்தது. ஒரு ஈடு தங்கமாக வரும். அடுத்த ஈடு எண்ணெயைத் தொட்டும் பார்க்காது. போட்ட பொடி அடியில் சோம்பிக் கிடக்கும், எண்ணெய் சிவப்பாகவே இறங்கும். அதே மண், அதே திராவகம், அதே நேரக்கணக்கு. முதலில் திராவகத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு மண் தோண்டுகிற குழியை. சாரல் ஈரத்தில் சரியாக வறுபடவில்லையோ என்று ஒரு வாரம் நெருப்பைக் கூட்டினேன், ஒரு வாரம் குறைத்தேன். தப்பான மண்ணைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

அப்புறம் செய்ததுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. கழுவுகிற தொட்டிகளுக்குப் பொறுப்பாக ஒருத்தி இருந்தாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். அவளைப்போல மண் கழுவ யாராலும் முடியாது. கலக்கிவிட்டுத் தெளிய விடுவாள், மேல் தண்ணீரை அலுங்காமல் இறுப்பாள், மறுபடி கலக்குவாள். லிட்மஸ் தாள் சிவக்காமல் போகும்வரை விட மாட்டாள். அவளைப் பார்த்து, நீ கழுவுகிற எண்ணிக்கையைக் குறைக்கிறாய், அதனால்தான் மண் கெடுகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள்.

"நா கழுவுதது கொறைச்சல்னா நாளைக்கு நீங்களே கழுவிப் பாருங்க யக்கா."

கழுவினேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு தடவைகூடக் குறையாமல் கழுவினேன். அந்த வருஷத்திலேயே படுமோசமான ஈடு அதுதான். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. வறட்டுக் கௌரவம். இரண்டு பேரும் பேசாமலே வேலை பார்த்தோம்.

ஆடி பாதி தாண்டிவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோக வீட்டில் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை கொட்டகைப் பெண்கள் எல்லோரும் அருவிக்குக் கிளம்பினார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு. எனக்கும் தலை கொதித்தது. ஆத்திரத்தில் நல்லெண்ணெயை ஒரு கிண்ணம் நிறையக் காய்ச்சி உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக்கொண்டு நானும் போனேன்.

சீசன் நேரத்து வெள்ளிக்கிழமை. அருவியில் பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், எல்லோர் மேலும் எண்ணெய் மினுமினுக்கிறது. சீயக்காய்க் கிண்ணத்தோடு இடித்துப் பிடித்து உள்ளே நுழைந்து தலையைக் கொடுத்தேன். அருவி விழுந்த வேகத்தில் இரண்டு மாத எரிச்சலும் கழன்றுபோன மாதிரி இருந்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அப்படியே நகர்ந்து கீழே, தண்ணீர் தேங்கி வாய்க்காலுக்குத் திரும்புகிற இடத்தில் சேலையைப் பிழிய நின்றேன். தண்ணீர்மேல் நீலமும் சிவப்புமாக ஒரு படலம் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. என் கூந்தலிலிருந்து சொட்டின எண்ணெயும் அதில் சேர்ந்துகொண்டது. அது எங்கே போகிறது என்று கண்ணால் கூடவே போனேன். வாய்க்காலுக்குள் போயிற்று. வாய்க்கால் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

பிழிந்த சேலையைச் சுற்றிக்கொண்டு, தலையில் பாதிச் சீயக்காயோடு ரோட்டில் ஓடினேன். எதிரே வந்தவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கொட்டகைக்கு வந்ததும் தொட்டியில் விழும் தண்ணீரை உற்றுப் பார்த்தேன். விழும் இடத்தில் அந்தப் படலம் மெல்லிசாகத் தெரிந்தது. ஒரு கைப்பிடி வெந்த மண்ணைப் போட்டுக் கலக்கினேன். படலம் மறைந்துவிட்டது. நோட்டை எடுத்து ஈட்டுக்கு ஈடு கழுவின கிழமையைப் பார்த்தேன். ஞாயிறு, திங்கள், வியாழன் நல்ல மண். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்க்கிற நாள், கெட்ட மண். புதனும் சனியும் ஆண்கள் தேய்க்கிற நாள், அதுவும் கெட்ட மண். வைகாசியில் அருவியில் தண்ணீரே நூலாகத்தான் விழுந்தது, குளிக்க யாரும் வரவில்லை, அதனால் ஈடு நன்றாக வந்தது. எண்ணெயை உறிஞ்சுவதற்கென்றே ஒரு மண்ணை மெனக்கெட்டுத் தயார் பண்ணி, அதை நான் குற்றாலத்துக்குக் கீழே சீசன் நேரத்தில் கழுவியிருக்கிறேன். வெளியூர் முதுகுகளின் எண்ணெயையெல்லாம் குடித்து வயிறு நிரம்பின மண் தூத்துக்குடி எண்ணெயை எப்படித் தொடும்? தொட்டித் திட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பின்னாலேயே வந்த பெண்கள், பாளையங்கோட்டைக் கவலையில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள். நான் எழுந்து சுந்தரபாண்டியபுரத்துக்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது, உன்மேல் பழி போட்டதை மன்னித்துவிடு என்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவளும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் எனக்கு நெஞ்சு லேசானது.

இனி என்ன செய்வது? ஊரைக் கூட்டி எண்ணெய் தேய்க்காதே என்று சொல்ல முடியுமா? வாரத்தில் மூன்று நாள் மட்டும் கழுவினால் தூத்துக்குடிக்காரர்கள் கேட்ட மூட்டைகளில் பாதிகூடத் தேறாது. அதற்கு வழி சொன்னது அவள்தான். கொட்டகைப் பின்பக்கம் கெட்டுப்போன ஈடெல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தது. அது இன்னும் கொஞ்சம் குடிக்காதா என்று கேட்டாள். குடிக்கும். முழுவயிறு நிரம்பியிருக்காது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் வரும் இடத்தில் கிடந்த பழைய செங்கல் தொட்டியைச் சுத்தம் பண்ணி, தண்ணீரை முதலில் அதில் நிரப்பி, கெட்ட மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டிக் கலக்கித் தெளிய விட்டோம். தெளிந்த தண்ணீரை மட்டும் கழுவுகிற தொட்டிகளுக்கு எடுத்தோம். வந்த எண்ணெயைக் கெட்ட மண் வாங்கிக்கொண்டது, நல்ல மண் பட்டினியாகவே இருந்தது. இரண்டு மாதமாக நான் பார்க்கவே கூசின குவியல் அது.

சனிக்கிழமைதான் நிஜமான பரீட்சை. பெரியத்தான் சனிக்கிழமை தவறாமல் ஒரு செம்பு எண்ணெயோடு அருவிக்குப் போவார், கூடவே மில் ஆட்கள் ஒரு பட்டாளம் போகும். அன்றைக்கு இரண்டு செம்பாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரை அனுப்பினேன். காரணம் தெரியாமலே பெரியத்தான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார், என் மரியாதை தெரிந்த குணத்தையும் மெச்சிக்கொண்டாராம். அன்று கழுவின ஈட்டை வறுத்து, எண்ணெயில் போட்டு, வடிதாளைச் சுற்றி ஏழு பெண்களும் குனிந்து நின்றோம். வெளுத்த எண்ணெய் இறங்கியது. ஒருத்தரும் கத்தவில்லை. கத்தினால் கலைந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.

தூத்துக்குடிக் கெமிஸ்ட் ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. பெரியத்தானும் மில்லிலிருந்து வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் முதலிலேயே, பின்சுவரோரம் கிடப்பவை கெட்ட ஈடுகள், அவற்றை அனுப்பப் போவதில்லை என்று காட்டி, கெட்ட காரணத்தையும் சொன்னேன். அருவிக் குளியல் என்றதும் பெரியத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு செம்பின் ரகசியம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வந்தவர் முன்னால் என்ன சொல்லிவிடப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

கெமிஸ்ட் நல்ல மூட்டைகளில் நான்கைத் தானே தேர்ந்தெடுத்தார். தானே எண்ணெயைச் சூடாக்கினார், தானே வடிகட்டினார். நான்கு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, நான்கில் எது எந்த மூட்டை என்று தனக்கே தெரியவில்லை என்றார். இரண்டு மாதமாக நான் கேட்க ஏங்கின வார்த்தை அது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பொடியை ஏற்றுக்கொள்வதாக எழுதினார். அதில் ஒரு பக்கம் சோதித்தவர் கையெழுத்து, இன்னொரு பக்கம் தயாரித்த கெமிஸ்ட் கையெழுத்து. தான் போட்டுவிட்டுப் பேனாவையும் தாளையும் என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். அதற்குள் பெரியத்தான் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"அவன்கிட்ட எதுக்குய்யா நீட்டுதீய? அவனுக்குக் கடலை வாங்கத்தான் தெரியும். இங்கன கெமிஸ்ட்டு அவதான்." பேனாவை வாங்கி என்னிடம் கொடுத்தார். "போடும்மா."

நான் கையெழுத்துப் போடும்வரை அவர் உட்காரவில்லை. அவர் நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் நின்றார், கெமிஸ்ட்டும் எழுந்து நின்றார். தொட்டியோரம் இருந்த பெண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலை பாளையங்கோட்டைக்குக் கடிதம் எழுதினேன். சேர இயலாததற்குக் காரணம் சொல்வது முறை என்பதால் யோசித்து யோசித்து ஒரு வரி எழுதினேன். நான் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறேன்.